மடங்காத கத்தி

சீட்டில் உட்கார்ந்ததும் தொடையில் இடித்தது. கொஞ்சம் நகர்த்தி விட்டேன், இப்போது இடுப்பெலும்பில் இடிக்கிறது. பேண்ட் பையில் வைத்தால் உட்காரும்போது தொந்தரவு, பெல்ட்டில் மாட்டினால் சட்டையை வெளியே விட வேண்டும், இருபத்திரண்டு வருஷமாகச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறவன் ஒரு நாள் வெளியே விட்டால் ஆளாளுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள், தோள்பையில் போட்டாலோ வேண்டிய நேரத்தில் குடைக்கும் டிபன் டப்பாவுக்கும் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். வேண்டிய நேரம் என்று ஒன்று வரும் என்பது மாதிரி யோசிக்கிறேன் பார். மூன்று அங்குலக் கத்தி. மடக்குகிற கத்தி இல்லை, எப்போதும் நீட்டினபடியே நிற்கிற கத்தி, மேலே ஒரு பிளாஸ்டிக் உறை. இரண்டு மாதமாக இதே ஆராய்ச்சி. செல்போனைத் திறந்தால் தாடி வைத்த வெள்ளைக்காரர்கள் வரிசையாக வந்து ஆளுக்கொரு கத்தியை உள்ளங்கையில் வைத்து, தினமும் கூட வைத்துக்கொள்ள இது ஏற்றதா இல்லையா என்று பேசுகிறார்கள். ஒருவர் ஆப்பிள் நறுக்குகிறார், ஒருவர் கயிறு அறுக்கிறார், ஒருவர் விறகைக்கூடப் பிளக்கிறார். சேலையை அறுத்துக் காட்டுகிறவர் மட்டும் ஒருவரும் இல்லை. சட்டம் என்ன சொல்கிறது என்றும் தேடினேன், இத்தனை சின்னக் கத்தியைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படுவதாகத் தெரியவில்லை, ஆனால் போலீஸ்காரர் கையில் ஸ்கேலை வைத்துக்கொண்டா வருவார், முதலில் முதுகில் ஒன்று வைப்பார், அப்புறம்தான் அளப்பார். சூலூரிலிருந்து பஸ் கிளம்பிவிட்டது. இன்று சாயந்திரம் ஐந்து மணிக்குள் நான் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும், ஏனென்றால் என் மகள் பிருந்தா அதற்குள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

நேற்றுத் துவைக்கப் போட்ட பேண்டிலிருந்து எடுத்திருக்கிறாள். காலையில் இட்லித் தட்டை வைத்தாள், சட்னி வைத்தாள், பக்கத்தில் கத்தியையும் வைத்தாள். "இது எதுக்குப்பா?" என்றாள். ஆபீஸில் பார்சல் பிரிக்க என்றேன். "அங்க கட்டர் இல்லீங்களா?" இருக்கிறது, ஆனால் மொக்கை என்றேன். "அப்ப அங்கயே வெக்கலாம்ல, ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறப்பவும் பையில இருந்துச்சே." ஆப்பிள் கீப்பிள் நறுக்க என்றேன். "நீங்க ஆப்பிளத் தோலோட கடிச்சுத் திங்கறவரு" என்றாள், அப்புறம் அழ ஆரம்பித்தாள். அழுகிற பெண் இல்லை அவள். அம்மாவின் காரியத்தன்றுகூட வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றாள். "எனக்குப் பயமா இருக்குதுப்பா. நீங்க உங்களையே எதாச்சும் பண்ணிக்குவீங்களோன்னு பயமா இருக்குது. நான் சென்னைக்குப் போயிட்டா நீங்க தனியா இந்தக் கத்திய வெச்சுட்டு உக்காந்துட்டு இருப்பீங்க. எனக்கு அந்த சீட்டே வேண்டாம், இங்கயே எதாச்சும் படிச்சுக்கறேன்." மேல்படிப்புக்கு அவள் கேட்ட இடம், கேட்ட பாடம், கிடைத்தது. வருகிறேன் என்று இன்று ஐந்து மணிக்குள் கம்ப்யூட்டரில் தட்ட வேண்டும், தட்டாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை கண்ணு என்று சொன்னேன். உண்மையும் அதுதான், சாகிற நினைப்பு எனக்கு இல்லை, அதற்கு வேண்டிய தைரியம்கூட இல்லாதவன். ஆனால் சொல்லும்போது முகம் ஒத்துழைக்கவில்லை. ஒளித்து வைத்திருப்பது வேறு விஷயம், முகத்துக்கு அந்த வித்தியாசம் தெரியுமா, ஒளிக்கிறான் என்று மட்டும் காட்டிவிட்டது. அவள் அதை அவளுக்குத் தெரிந்த மாதிரி படித்துக்கொண்டாள். சரி, வைத்துவிட்டுப் போகிறேன் என்று அவள் கண் முன்னால் டிவி மேல் வைத்தேன். அவள் குளிக்கப் போனதும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நாற்பத்தொன்பது வயதுக்கு என்ன அழகான வேலை.

எதற்கு என்று அவளிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். அம்மாவுக்காக என்று. பதினொரு மாதமாகச் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பதுதானே, கையில் அப்போது ஒரு கத்தி மட்டும் இருந்திருந்தால், ஒரே ஒரு கத்தி இருந்திருந்தால். கேட்கிறவர்களும் ஆமாங்க, விதி என்பார்கள். அன்று வெள்ளிக்கிழமை, பைக்கில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம், சாந்தாமணி பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள், எப்போதும்போல. சேலை சிக்காமலிருக்கச் சக்கரத்தில் சாரி கார்டு இருந்தது, அந்தப் பக்கம் இருந்தது, முந்தானை பறந்து இந்தப் பக்கம் போய்விட்டது. விழுந்த பிறகு பார்க்கிறேன், சேலை சக்கரத்தில் சுற்றிச் சுற்றி இறுகி, கழுத்தோடு சேர்த்து, வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். என்னிடம் கத்தியே இல்லை என்று சொல்லவும் முடியாது. பைக் சாவியில் ஒரு நெயில் கட்டர் தொங்கியது, அதற்குள் மடக்கி வைத்த சின்னக் கத்தி ஒன்று உண்டு, எல்லா நெயில் கட்டரிலும் இருக்கும், யாரும் எதற்கும் பயன்படுத்த மாட்டார்கள். சாவியைப் பிடுங்கினேன். அந்தக் கத்தியைத் திறக்க நகம் வேண்டும். அதில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும், கட்டைவிரல் நகத்தை அதில் கொடுத்து இழுக்க வேண்டும். எனக்கு நகம் இல்லை. முந்தின நாள்தான் ஒட்ட வெட்டியிருந்தேன், வெள்ளிக்கிழமை நகம் வெட்டக்கூடாது, இன்னைக்கே வெட்டிக்கங்க, கல்யாண வீட்டில் அந்தக் கையோடயா சாப்பிடுவீங்க என்று அவளே சொல்லி, அதே நெயில் கட்டரால், வியாழக்கிழமை சாயந்திரம் வாசலில் உட்கார்ந்து. வழுக்குகிறது, வழுக்குகிறது, விரல் நுனிச் சதையால் இரும்பைப் பிறாண்டுகிறேன், பல்லால் சேலையைக் கடிக்கிறேன், பட்டு, பல்லுக்கு அசையவில்லை. அதனால்தான் மடங்காத கத்தி. நகம் வேண்டாம், பள்ளம் வேண்டாம், இழுத்தால் வந்துவிடும். அந்த வெள்ளைக்காரர்கள் எல்லாருமே இதைச் சொல்கிறார்கள், ஈரக் கையோடு, நடுங்குகிற கையோடு, ஒரே இழுப்பில் வர வேண்டும் என்றால் மடங்காத கத்திதான். நடுங்குகிற கை என்று அவர்கள் சொன்னதும்தான் ஆர்டர் போட்டேன்.

"ஏனுங், யாருகிட்டயாச்சும் பிளேடு கிளேடு இருக்குதுங்களா?" முன்சீட்டு அம்மா. வெள்ளைச் சாக்கில் எதையோ கட்டிக் காலடியில் வைத்திருந்தார், கட்டின பிளாஸ்டிக் கயிறு சீட்டுக்கடியில் போல்ட்டில் மாட்டிக்கொண்டுவிட்டது, இழுக்க இழுக்க இறுகுகிறது. இருகூர் பிரிவு வந்துவிட்டது, இறங்க வேண்டும், கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு முறைக்கிறார். ஒரு கயிறு, ஒரு மூட்டை. எழுந்தேன், கையை விட்டேன், ஒரே இழுப்பில் வந்தது, சொன்னபடியே வந்தது. எனக்கு இடதுபக்கம் காதில் ஒயர் மாட்டியிருந்த பையன் காலைத் தூக்கிச் சீட்டின் மேல் வைத்துக்கொண்டான். ஒரு குழந்தையை அதன் அம்மா மார்போடு சேர்த்துத் திருப்பிக்கொண்டாள். குனிந்து கயிற்றை அறுத்தேன், அறுபடும் சத்தம்கூடக் கேட்கவில்லை, அத்தனை கூர். மூட்டைக்காரம்மா ஜன்னலோடு சாய்ந்து நின்றார், கண் என் கையிலேயே இருந்தது. "சட்டுனு பாத்ததும் நெஞ்சே நின்னு போச்சு சாமி" என்று சொல்லிவிட்டு மூட்டையை இழுத்துக்கொண்டு இறங்கினார். கண்டக்டர் விசில் ஊதிவிட்டு என்னிடம் வந்தார். "என்னங் சார், பாத்தா ஆபீஸ் போற மனுசராட்ட இருக்கறீங்க, கத்தியெல்லாம் வெச்சுட்டுத் திரியறீங்க?" பார்சல் பிரிக்கறதுக்குங்க என்றேன். "பாத்துங் சார், காலம் கெட்டுக் கெடக்குது" என்று போய்விட்டார். வைத்தேன், உட்கார்ந்தேன், தொடையில் இடித்தது. இத்தனை நாளில் இன்றுதான் முதல்முதலாக ஒருவருக்கு உபயோகப்பட்டது, உபயோகப்பட்டதும் பஸ்ஸில் பாதிப்பேர் என்னை விட்டு நகர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். கல்யாணத்துக்குக் கிளம்புகிறவன் இடுப்பில் இப்படி ஒன்றைச் செருகிக்கொண்டு கிளம்பியிருந்தால் சாந்தாமணியே வண்டியில் ஏறியிருக்க மாட்டாள். என்னங் இது ரௌடியாட்ட என்றிருப்பாள். ஏறியிருக்க மாட்டாள். நல்லதாகப் போயிருக்கும்.

ஒண்டிப்புதூர் தாண்டியது. இந்த இடத்தில் தினமும் கண்ணை மூடிக்கொண்டுவிடுவேன், சிங்காநல்லூர் வரும்வரை திறக்க மாட்டேன், தூங்குகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். இன்று மூடுவதற்கு முன்னால் ஒரு ஸ்கூட்டி பஸ்ஸை ஒட்டி வந்தது, ஓட்டுகிற பெண்ணின் சுடிதார் சால் பின்னால் தொங்கி, சக்கரத்துக்கு ஒரு சாண் மேலே ஆடிக்கொண்டிருந்தது. முதலில் பார்த்தவர் டிரைவருக்குப் பின்னால் இருந்தவர். "தங்கச்சி, சாலு! சாலு!" அடுத்த ஜன்னல், அதற்கடுத்த ஜன்னல், காதில் ஒயர் மாட்டியிருந்த பையன் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்து நின்று கத்துகிறான், கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு விசில் ஊதுகிறார். நம் ஊரில் யார் யாரோடு சண்டை போட்டாலும் இதற்கு மட்டும் எல்லாரும் ஒரே குரலில் கத்துவார்கள், சாலு, முந்தானை, சைடு ஸ்டாண்டு, முன்பின் தெரியாதவனுக்காகத் தொண்டை கிழியக் கத்துவார்கள். நான் மட்டும் கத்தவில்லை. கை கத்தியின் மேல் இருந்தது, எதற்கு, பஸ்ஸிலிருந்து குதித்து அறுக்கப் போகிறேனா. அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள், புரிந்துகொண்டாள், ஓரமாக நிறுத்தித் துப்பட்டாவை எடுத்து இடுப்பில் முடிந்துகொண்டாள், பஸ்ஸைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். அவ்வளவுதான். அதற்கு எந்தக் கத்தியும் வேண்டியிருக்கவில்லை, யாரோ கத்தினார்கள், அவள் நிறுத்தினாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

எங்களுக்கும் ஒருவர் கத்தினார். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. போலீஸிடம் சொல்லவில்லை, சாந்தாமணியின் தம்பி என் தோளைப் பிடித்துக்கொண்டு எப்படி மாமா ஆச்சு, எப்படி மாமா ஆச்சு என்று அழுதபோது சொல்லவில்லை. இதே ரோட்டில், வழியில் வருகிற பெட்ரோல் பங்குக்கு முன்னால், நீலச் சட்டை போட்ட ஒருவர் டிவிஎஸ் ஐம்பதில் எங்களைத் தாண்டி வந்து, திரும்பித் திரும்பிப் பார்த்து எதையோ சொல்லி, கையைக் கீழே காட்டினார். ஹெல்மெட், காற்று, லாரிச் சத்தம், அவர் சொன்னது கேட்கவில்லை. கையைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். சைடு ஸ்டாண்டு எடுக்கவில்லை என்கிறார் என்று நினைத்தேன். இடது காலால் துழாவினேன், ஸ்டாண்டு மேலேதான் இருந்தது. எடுத்தாச்சுங்க என்று நினைத்துக்கொண்டு, அவருக்கு நன்றி சொல்லிக் கையைத் தூக்கினேன். கையைத் தூக்கினேன். அப்படியே ஓட்டிக்கொண்டு போனேன். பத்து எண்ணுகிற நேரம் இருக்கும், பதினைந்து இருக்கும். ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்த்திருந்தால் முந்தானையை எடுத்து மடியில் போட்டிருப்பாள், கல்யாண வீட்டில் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்திருப்போம். ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டால் அதற்கும் காரணம் உண்டு, அவள் என் தோளில் முகத்தை வைத்து ஒரு கதை சொல்லிக்கொண்டு வந்தாள், சிரித்துச் சிரித்து, சொல்ல முடியாமல் சிரித்து, எனக்கு அதன் மீதியைக் கேட்க அவசரம். அவர் போனால் போதும் என்று கையைத் தூக்கினேன். கத்தி இல்லை கத்தி இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன், கத்திக்கா பஞ்சம், பங்குக்கு எதிரில் இளநீர்க் கடை, அவர் அரிவாளோடு ஓடி வந்து ஒரே வெட்டில் சேலையை வெட்டினாரே, இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. இருந்தும் போய்விட்டாள். பையில் இருந்திருந்தாலும் போயிருப்பாள். இது எனக்குத் தெரியாமல் இல்லை, ஆர்டர் போடும்போதே தெரியும், தெரிந்துதான் இடுப்பிலா பையிலா, இரண்டரை அங்குலமா மூன்றா என்று இரண்டு மாதம் பார்த்தேன், ஏனென்றால் கத்தியைப் பற்றி யோசிக்கும் வரைக்கும் அந்தக் கையைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. இதற்காக ஒரு பெண் தன் படிப்பை விட்டுவிட்டு எனக்குக் காவல் இருக்கப் போகிறாள். இல்லாத ஒரு பயத்துக்குக் காவல். நான் வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லாத குற்றத்துக்கு.

சிங்காநல்லூரில் இறங்கிவிட்டேன். ஆபீஸ் சுங்கத்தில், இன்னும் மூன்று மைல் இருக்கிறது, இருக்கட்டும். பஸ் ஸ்டாப்பில் வெயில், ஜூஸ் கடைக்குப் பக்கத்துச் சுவர் நிழலில் நின்று போன் போட்டேன். உடனே எடுத்தாள், கையிலேயே வைத்திருந்திருக்கிறாள். "அப்பா, டிவி மேல கத்தியக் காணம்" என்றாள். என்னிடம்தான் இருக்கிறது கண்ணு, பொய் சொல்லிவிட்டேன் என்றேன். ஆபீஸில் டெஸ்பாட்ச் மேசை டிராயரில் போட்டுவிடுகிறேன், அட்டைப்பெட்டி பிரிக்கட்டும், தினமும் கூட வைத்துக்கொள்ள அது லாயக்கில்லை என்றேன். போனை வைத்துவிடலாம் என்று ஒரு மனது சொன்னது, இதோடு போதும், இதற்கே அவள் சமாதானமாகிவிடுவாள். வைக்கவில்லை. சொன்னேன். நீலச் சட்டை, டிவிஎஸ், கீழே காட்டின கை, என் கால், ஸ்டாண்டு, நான் தூக்கின கை, எல்லாம் சொன்னேன், ஜூஸ் மிஷின் சத்தத்தில் சிலதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"அவரு காட்டுனத நீங்க பாத்தீங்களாப்பா?"

"பாத்தேன் கண்ணு."

"பாத்துட்டு?"

"ஸ்டாண்டுன்னு நெனச்சுட்டேன்."

கட்டாகிவிட்டதா என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், விநாடி ஓடிக்கொண்டிருந்தது. அவள் அழுகிறாளா, இனி என்னோடு பேசவே மாட்டாளா, மாட்டாள் என்றால் அதுவும் நியாயம்தான். பேசாமலாவது சென்னைக்குப் போகட்டும். நான் தனியாக இருந்துகொள்வேன், சாம்பார் வைக்கத் தெரியும், துணி துவைக்கத் தெரியும். அம்மாவைக் கொன்றவன் என்று நினைத்துக்கொண்டே போகட்டும், பயந்துகொண்டு போகாமல் இருப்பதைவிட அது மேல். அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அப்ப அம்மா என்ன பேசிட்டு வந்தாங்க?" என்றாள். "கதைன்னீங்களே. என்ன கதை?"

யாரும் இதுவரை கேட்காத கேள்வி. எப்படி விழுந்தாள், எங்கே அடிபட்டது, எத்தனை மணிக்கு, எல்லாம் கேட்டார்கள். "உன்னையப் பத்தித்தான் கண்ணு. கல்யாணத்துக்கு மொத நாள் கண்ணாஸ்பத்திரிக்குப் போனீங்கல்ல, ரெண்டு பேரும். கண்ணாடி போட்டுட்டுக் கல்யாணத்துக்குப் போகமாட்டேன்னு உங்கம்மா, முன்னாடி போனவங்க படிச்ச நம்பரையெல்லாம் காதுல வாங்கி மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சாளாம். டாக்டரு சிரிச்சுட்டே அட்டைய மாத்திட்டாராம். ஒண்ணுமே தெரியலீங்க, அப்ப டாக்டருக்குப் பின்னாடி நின்னுட்டு உங்க மக என்ன பண்ணுனா தெரியுமாங்கன்னு கேட்டுச் சிரிச்சா. என்ன பண்ணுனா, என்ன பண்ணுனான்னு நானும் கேட்டேன். அப்பத்தான் அவரு கையைக் காட்டுனாரு. அவ்வளவுதான் கண்ணு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்லப்பா" என்றாள்.

சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டேன். ஆமாம், அவளுக்குத் தெரியும். பதினொரு மாதமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், கேட்டிருக்கலாம், அவள் அங்கேதான் நின்றிருந்தாள்.

"அந்த அட்டையில மொத நம்பரு அஞ்சு. அம்மா முழிச்சாங்களா, நான் பின்னாடி இருந்து அஞ்சு வெரலையும் விரிச்சுக் கையத் தூக்கிக் காட்டுனேன். அஞ்சு, அஞ்சுன்னு."

"அப்பறம்?"

"அம்மாவுக்குத்தான் தூரத்துல இருக்கறது சரியாத் தெரியாதே. நான் கெளம்பறேன்னு நெனச்சுட்டாங்க." சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான். "சேர்ல உக்காந்த படியே அவங்களும் கையத் தூக்கி, சிரிச்சுட்டே, எனக்கு டாட்டா காட்டுனாங்கப்பா."